பல் முளைக்காதவனுக்கு வாசித்த பிடில்

பிள்ளைகளா, அம்மாவின் தகரப் பெட்டியைத் திறந்த அன்று சேலைகளுக்கு அடியில் ஒரு தடித்த நரம்பு சுருண்டு கிடந்ததே, ஞாபகம் இருக்கிறதா? சின்னவன் அதைத் தூக்கிப் பிடித்து, "அப்பா, இது மாட்டுக் கயிறா?" என்று கேட்டான். பெரியவள், "அம்மா வெச்சிருந்தா காரணம் இருக்கும், வைடா" என்று பிடுங்கி உள்ளே வைத்தாள். வீடு நிறைய ஆட்கள் இருந்தார்கள். என்னால் பதில் சொல்ல முடியவில்லை. இன்றைக்கும் வாயால் சொல்ல வராது, அதனால் எழுதுகிறேன். நான் தோட்டத்துப் பள்ளிக்கூடத்தில் அஞ்சாவது வரைதான் படித்தேன். பிழை இருந்தால் திருத்தி வாசியுங்கள்.

அது ஆட்டுக் குடலில் முறுக்கிய நரம்பு. ஆள் உயரத்துக்கும் மேலான ஒரு பிடிலில் கட்டியிருந்தது. அது நம் பெட்டிக்கு வந்தது உங்கள் அண்ணனால்தான். உங்களுக்கு முன்னால் எங்களுக்கு ஒரு பிள்ளை இருந்தான். அவனைப் பற்றி அம்மாவும் நானும் உங்களிடம் பேசியதில்லை.

பிடிலில் இருந்து தொடங்குகிறேன். அப்படித் தொடங்கினால்தான் எனக்குச் சொல்ல வரும்.

இந்த நாட்டுக்குச் சுதந்திரம் வந்து, தோட்டத்தில் இருந்த நம் ஆட்களுக்கு ஓட்டு இல்லாமல் போய்க் கொஞ்ச காலம் ஆகியிருந்தது. கொட்டகலைக்கு மேலே இருந்த தேயிலைத் தோட்டத்துப் பங்களாவில் நான் அப்பு. சமையல், மேசை, கணப்பு அடுப்பு எல்லாம் என் பொறுப்பு. புதிதாக வந்திருந்த துரை கலியாணம் ஆகாதவர், ஐம்பதை நெருங்கியவர். அவருடைய சாமான் ஒன்று ஸ்டேஷனில் இறங்கியிருக்கிறது, மழையில் ரோடு உடைந்து லொறி வராது, நாலு ஆளோடு போய்த் தூக்கி வா என்று என்னை அனுப்பினார்கள்.

போய்ப் பார்த்தால் கறுப்புப் பெட்டி. மேலே ஒடுக்கம், கீழே அகலம். நாலு பேரும் தோள் கொடுத்துத் தூக்கி மலையேறினோம். கொழுந்து எடுத்துக்கொண்டிருந்த பெண்கள் பார்த்தார்கள். ஒவ்வொருத்தியாகக் கூடையை இறக்கிவிட்டு நிரையிலேயே நின்றார்கள். கவ்வாத்து வெட்டிக்கொண்டிருந்த கிழவர் தலைத்துண்டை எடுத்துக் கையில் வைத்துக்கொண்டார்.

ஒருத்தி மெதுவாகக் கேட்டாள். "யாருண்ணே? எந்த லயத்து ஆளு?"

முன்பக்கம் தூக்கினவன் மூச்சு வாங்கிக்கொண்டு, "தொரை வீட்டு ஆளு" என்றான்.

"ஐயோ, தொரைசாணியா?"

"தொரைக்கு ஏது தொரைசாணி? பிடிலு ஆத்தா, பிடிலு!"

"பிடிலுக்கு எதுக்கு இம்மாம் பெரிய பொட்டி? செத்துப்போச்சா?"

மலை முழுக்கச் சிரித்தது. கிழவர் துண்டைத் திரும்பவும் தலையில் கட்டிக்கொண்டு, நாங்கள்தான் ஏமாற்றிவிட்டோம் என்பது போலத் திட்டினார். அன்றையிலிருந்து ஆட்கள் குடியிருக்கிற லயத்தில் அதற்குப் பொணப்பிடில் என்றே பெயர்.

காலையில் ஆட்களுக்குப் பேர் போடுகிற பெரட்டுக்குப் போய், மலை சுற்றி, தேயிலை அரைக்கிற ஸ்டோருக்குப் போய் வந்து, மழை பிடிக்கிற பின்நேரத்தில் துரை அதை எடுப்பார். நின்றுகொண்டு கட்டிப்பிடித்தாற்போல வாசிக்க வேண்டும். பனி ஏறினால் குடல் நரம்பு ஊறிப் பலம் போய்விடும், திடீரென்று அறுந்தும் விடும். அதனால் அவர் வாசிக்கிற நேரம் நான் கணப்பில் விறகு குறையாமல் பார்க்க வேண்டும். நெருப்புக்குக் கிட்ட வைத்தாலோ பலகை வெடிக்கும். எந்த இடத்தில் நின்றால் சரி என்று தரையில் சோக்கால் கோடு போட்டிருந்தார்.

சத்தம் நம் உறுமி மாதிரி. அடிவயிற்றில் இருந்து வரும். ஒரு நாள் பங்களாத் தோட்டத்தில் புல்லு வெட்டிக்கொண்டிருந்த ஒரு அக்காவுக்கு அதைக் கேட்டுச் சாமியே வந்துவிட்டது. தலையை விரித்துப் போட்டு ஆடினார். துரை வில்லும் கையுமாக ஓடி வந்தார்.

"என்ன அப்பு? சீக்கா?"

"சாமி வந்திருக்கு தொரை. உறுமின்னு நெனைச்சிருச்சு."

நான் எலுமிச்சம்பழமும் கற்பூரமும் கொண்டுவந்து மலையேற்றினேன். துரை அன்றைக்கு முழுக்க ஒரு மாதிரி சந்தோஷமாக இருந்தார். "அப்பு, என் ஊர்லே நான் வாசிச்சா ஆள் தூங்கும். இங்கே ஆள் ஆடுது" என்றார்.

அவருக்குக் காது கேட்பது குறைந்துகொண்டே வந்தது. சண்டையில் பீரங்கிக்குப் பக்கத்தில் நின்றவராம். வாசிக்கும்போது பிடிலின் தலைப்பக்கத்து மரத்தைப் பல்லால் கடித்துக்கொள்வார். சமையல்கட்டில் எனக்கு உதவியாக இருந்தவன் எட்டிப் பார்த்துவிட்டு, "தொரை பிடிலைத் திங்கிறாருண்ணே, சாப்பாடு பத்தலையோ?" என்றான். நான் ஒருநாள் துரையிடம் கேட்டேவிட்டேன். அவர் தன் தாடையைத் தட்டிக் காட்டினார். "இங்கே கேக்குது. காது வேணாம்."

அவர் விடாமல் வாசித்துப் பார்த்தது ஒரே ஒரு பாட்டைத்தான். மெதுவாகப் போகிற பாட்டு. அதைக் கட்டினவன் இருநூறு வருஷத்துக்கு முந்தின ஆள். அவன் கதையைத் துரை எனக்குத் துண்டு துண்டாகச் சொன்னார். சப்பாத்துக்குப் பொலிஷ் போடும்போது கொஞ்சம், நரம்புக்கு எண்ணெய் தடவும்போது கொஞ்சம். அவருடைய தோட்டத்துத் தமிழில் சொன்னதை நான் எனக்கு விளங்கின மாதிரி எழுதுகிறேன்.

அவன் மாடு மேய்க்கிறவன் மகன். எப்படியோ பிடில் படித்து, பெரிய பிடிலுக்கு வந்து சேர்ந்தான். சின்னப் பிடில்கள் முன்னால் உட்கார்ந்து பாடும், இது பின்னால் நின்று உம் கொட்டும். அதுதான் அதன் வேலை. பெரிய பாதிரியான ஒரு மேற்றிராணியாரின் அரண்மனையில் வாத்தியக்காரர் கூட்டம் இருந்தது, அதில் சேர்ந்தான். வாத்தியக்காரர்களுக்கு வீட்டு வேலைக்காரர்களின் உடுப்புத்தான். சாப்பாடும் அவர்களோடு ஒரே மேசையில்.

துரை என் வெள்ளைக் கோட்டின் பித்தளைப் பொத்தானைத் தொட்டார். "இதே மாதிரி அப்பு. எசமான் வீட்டு அடையாளம் போட்ட பொத்தான்."

"அப்ப அவரும் அப்புதானா தொரை?"

"ஆமா. மணி அடிச்சா வரணும்" என்றார்.

அந்த அப்பு ஒரு காரியம் செய்தான். பின்னால் நின்ற பிடிலை முன்னால் கொண்டுவந்தான். அதுவே தனியாகப் பாடுகிற மாதிரி பாட்டுகள் கட்டினான். அப்புறம் மேற்றிராணியார் செலவைக் குறைக்கிறேன் என்று சொல்லி வாத்தியக்காரர்களை நிறுத்திவிட்டார். நம் பாஷையில் சொன்னால் பத்துச்சீட்டு எழுதிக் கொடுத்து அனுப்பிவிட்டார். வேறொரு பிரபுவிடம் போனான், அங்கேயும் நிறுத்தினார்கள். பிறகு அத்தனை பெரிய பிடிலையும் தூக்கிக்கொண்டு வாசல் வாசலாக அலைந்தான். பாட்டுகளைக் கையால் எழுதிப் பிரபுக்களுக்குக் கொடுத்து, வேலை இருக்கிறதா என்று கேட்டான். கடைசியில் வடக்கே, மலையே இல்லாத காற்றடிக்கிற ஒரு ஊரில் ஒரு சிற்றரசன் சேர்த்துக்கொண்டான். சாகும்வரை அங்கேதான் இருந்தான். அவன் பெண்சாதி பாட்டுக் காகிதம் எல்லாவற்றையும் அரண்மனையில் ஒப்படைத்தாள். அவள் காலம் முடியும்வரை அவர்கள் அவளைப் பார்த்துக்கொண்டார்களாம்.

அதற்குப் பிறகுதான் பாட்டுகளுக்குக் கேடு வந்தது. அவன் காலத்தில் நரம்புகளுக்கு ஒரு விதமாகச் சுருதி வைப்பார்கள். பின்னால் வந்தவர்கள் வேறு விதமாக வைத்தார்கள். இவர்கள் வைக்கிற சுருதியில் அந்தப் பாட்டுக்கு விரல் எட்டாது. பழைய விதம் தெரிந்தவர்கள் ஒவ்வொருவராகச் செத்தார்கள். காகிதம் இருந்தது, பாட்டு இல்லை. துரை வாலிபத்தில் அந்த அரண்மனைக்குப் போய் ஒரே ஒரு பாட்டைப் பார்த்து எழுதிக்கொண்டு வந்திருக்கிறார். பழைய விதத்தில் நரம்பு கட்டி, காது முழுக்க அடைவதற்கு முன்னால் ஒரு தடவையாவது அதை முதலில் இருந்து கடைசி வரை வாசித்துவிட வேண்டும் என்று பாடுபட்டார்.

இப்போது உங்கள் அண்ணனைப் பற்றி.

உங்கள் அம்மா உடப்புசல்லாவைப் பக்கத்துப் பெண் என்று உங்களுக்குத் தெரியும். கலியாணமாகி வந்ததும் எங்களுக்கு லயத்தில் ஒரு அறைக் காம்பரா கொடுத்தார்கள். அவள் மலைக்குப் போனாள், நான் பங்களாவுக்குப் போனேன். பிள்ளை பிறந்தான். பிள்ளை மடுவத்தில் அவனை விட்டுவிட்டுப் போவாள், பால் கொடுக்க ஓடி வருவாள். தவழுவதற்கு முன்னாலேயே, மார்கழிக் குளிரில் மார்ச்சளி கட்டிவிட்டது. தோட்டத்து மருந்துக்கார ஐயாவிடம் தூக்கிக்கொண்டு போனோம், அவரும் தெரிந்ததைச் செய்தார். மறுநாள் காலையில் அம்மா மடியிலேயே போய்விட்டான்.

ஆட்கள் வாசலில் கூடினார்கள். அம்மா அழவில்லை. சாவுக்குத் தப்பு அடிக்கிறவரைப் பார்த்து, "அண்ணே, தப்பை எடுத்துட்டு வாங்க" என்றாள்.

அவர் என்னைப் பார்த்தார், பிறகு தரையைப் பார்த்தார். "தங்கச்சி, நான் மாட்டேன்னு சொல்லல. பல்லு முளைக்காத புள்ளைக்குத் தப்பு இல்லம்மா. சங்கும் இல்ல. முறை அப்பிடி."

"முளைச்சிருச்சுண்ணே. முந்தாநாளு விரல வெச்சுப் பாத்தேன். கீழ் ஈறுல நெல்லு முனையாட்டம் குத்துச்சு."

பக்கத்துக் காம்பரா அக்கா குனிந்து, பிள்ளையின் உதட்டை விலக்கி, சுண்டு விரலால் தடவினார். நாங்கள் எல்லோரும் அந்த விரலையே பார்த்துக்கொண்டு நின்றோம்.

"ஈறு தடிச்சிருக்கு தாயி. வெளிய வரல."

"உள்ள இருக்குல்ல? உள்ள இருந்தா இல்லேன்னு ஆயிருமா அக்கா?"

அக்கா பிள்ளையின் உதட்டை மூடிவிட்டு எழுந்துகொண்டார்.

அந்த மாதிரிப் பிள்ளைக்குப் பாடை இல்லை. ஒப்பாரியும் இல்லை. வெள்ளைத் துணியில் சுற்றி நான்தான் கையில் தூக்கிக்கொண்டு போனேன். பெண்கள் சுடுகாட்டு மலைக்கு வரக்கூடாது என்பதால் அம்மா சுடுகாட்டுப் பாதை பிரிகிற வளைவு வரை வந்து நின்றுவிட்டாள். பக்கத்தில் ஓடைச் சத்தம் கேட்டது, எங்கள் கால் சத்தம் கேட்டது. வேறு சத்தம் இல்லை. மண்ணை மூடிய பிறகு, இடம் தெரியட்டும் என்று ஒரு முள்முருங்கைக் கம்பை வெட்டித் தலைமாட்டில் ஊன்றிவிட்டு வந்தேன்.

அம்மா அதற்குப் பிறகும் அழவில்லை. பால் கட்டிக்கொண்டு காய்ச்சல் வந்தது. பக்கத்துக் காம்பரா அக்கா பாலைப் பீய்ச்சித் தேயிலைத் தூரில் விடச் சொன்னார். அதையும் அழாமல் செய்தாள். காய்ச்சல் விட்டதும் மலைக்குப் போனாள். ஆனால் கொழுந்தைப் பார்க்காமல் கண்டது கையில் வருகிற மாதிரி பிடுங்கினாள், கங்காணி திட்டினால் அவர் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றாள். அடுப்பு மூட்டுவாள், சாப்பிட மாட்டாள். "இவள எப்பிடியாச்சும் அழ வையிங்க தம்பி. இல்லேன்னா புள்ள பின்னாடியே போயிருவா" என்று அக்கா என்னிடம் சொன்னார். எனக்கும் அந்தப் பயம்தான். சட்டிபானை எல்லாம் சரியாக இருக்கிறது, சாமான் எல்லாம் இடத்தில் இருக்கிறது, அவள் மட்டும் அந்தக் காம்பராவில் இல்லை.

ஒரு பின்நேரம் மழைக்கு ஒதுங்கிப் பங்களாச் சமையல்கட்டின் பின்வாசலுக்கு வந்து நின்றாள். உள்ளே துரை வாசித்துக்கொண்டிருந்தார். அவள் காது கொடுத்துக் கேட்டாள். அவளாக வாயைத் திறந்து பேசியது அன்றைக்குத்தான்.

"யாருக்கு அடிக்கிறாங்க?"

"அடிக்கல. தொரை பிடிலு வாசிக்கிறாரு."

"அதான், யாருக்கு?"

எனக்குத் தெரிந்ததைச் சொன்னேன். மாடு மேய்க்கிறவன் மகன் கட்டின பாட்டு, அவன் போன பிறகு அதை வாசிக்க ஆளில்லாமல் நூறு வருஷத்துக்கு மேல் சத்தமில்லாமல் கிடந்தது என்று சொன்னேன்.

"அந்தாளுக்கும் புள்ள செத்திருக்குமோ?"

"தெரியலையே."

மழை விடும்வரை நின்றாள். போகும்போது, "நம்ம புள்ளைக்கு வாசிப்பாரான்னு கேளுங்க" என்றாள்.

அப்பு துரையிடம் லீவு கேட்கலாம், சாமான் கேட்கலாம். இப்படி ஒன்றை யாரும் கேட்டதில்லை. அதைவிடக் கஷ்டம், அவருக்குக் காது கேட்காது. மெதுவாகச் சொல்ல வேண்டியதை நான் கத்திச் சொல்ல வேண்டியிருந்தது. வெளியே பூப்பாத்தியில் நின்றவனுக்குக்கூடக் கேட்டிருக்கும்.

"தொரை! என் புள்ளைக்குத் தப்பு அடிக்கல! நீங்க பிடிலு வாசிக்கணும்!"

அவர் தேநீர்க் கோப்பையைக் கீழே வைத்தார். "ஏன் தப்பு அடிக்கல்லே?"

"பல்லு இல்ல தொரை!"

அவர் கை தன்பாட்டில் தாடைக்குப் போயிற்று. பிறகு, "ஞாயித்துக்கிழமை. உன் பெண்சாதி வரட்டும்" என்றார்.

எனக்கு இன்னொன்றும் கேட்க வேண்டியிருந்தது. "அந்த மனுசனுக்கும் புள்ள செத்திருக்குமான்னு அவ கேக்குறா!"

"தெரியாது அப்பு. யார்கிட்டே வேலை செஞ்சான், எத்தனை பாட்டு எழுதினான், எல்லாம் இருக்கு. இதை யாரும் எழுதி வைக்கல்லே."

ஞாயிற்றுக்கிழமை நான் கணப்பை நன்றாக மூட்டி வைத்தேன். அம்மா வந்தாள், ஆனால் பின்வாசல் படியைத் தாண்டவில்லை. கொழுந்து எடுக்கிற ஆள் பங்களா ஹோலுக்குள் கால் வைத்து அவள் பார்த்ததில்லை. நான் கூப்பிட்டேன், துரையே வந்து கூப்பிட்டார். அவள் படியிலேயே உட்கார்ந்து தலையை ஆட்டினாள். துரை உள்ளே போய்ப் பிடிலைத் தூக்கிக்கொண்டு சமையல்கட்டு விறாந்தைக்கு வந்துவிட்டார். அங்கே நெருப்பு இல்லை. பனி கையால் தள்ளலாம் போல இறங்கியிருந்தது.

"நரம்பு போயிரும் தொரை!"

"தெரியும்" என்றார்.

மரத்தைக் கடித்துக்கொண்டு வாசித்தார். அந்தப் பாட்டு எப்படி இருந்தது என்று எழுத எனக்குப் படிப்புப் போதாது. மேலே ஏறும்போது மனுசக் குரல் மாதிரி இருக்கும், ஆம்பிளையா பொம்பிளையா என்று தெரியாது. திரும்பக் கீழே வந்து, எதையோ வைத்துவிட்டு மறுபடி எடுக்கப் போகிற மாதிரி நிற்கும். வழக்கமாகத் தடுமாறி நிறுத்துகிற இடத்தை அன்றைக்குத் தாண்டிப் போனார். அவர் கண் மூடியிருந்தது. அம்மா தன் சுண்டு விரலைப் பல்லுக்கு இடையில் வைத்துக்கொண்டிருந்தாள்.

பாதிப் பாட்டில் நரம்பு அறுந்தது. துப்பாக்கி வெடித்த மாதிரி ஒரு சத்தம். அதோடு சேர்ந்து அம்மாவின் சத்தமும் வந்தது. அவள் படியில் சரிந்து, மாரில் அடித்துக்கொண்டு, அவனுக்கு முறையில்லை என்று சொன்ன ஒப்பாரியை ஆரம்பித்தாள். நான் தடுக்கவில்லை. துரை ஒரு கையில் வில், ஒரு கையில் பிடில், போவதா நிற்பதா என்று தெரியாமல் பனிக்குள்ளே நின்றுகொண்டிருந்தார். கடைசி வரை நின்றார்.

அழுது முடித்து முகத்தைத் துடைத்தவள், "அந்த நரம்பு எனக்கு வேணும்" என்றாள். துரை முடிச்சை அவிழ்த்துத் தானே அவள் கையில் கொடுத்தார். அன்று சாயந்தரம் அவள் ரொட்டி சுட்டுத் தானும் சாப்பிட்டாள்.

புது நரம்பு அவர் ஊரில் இருந்து கப்பலில் வர வேண்டும். அது வருவதற்குள் காலம் போய்விட்டது. வந்ததும் கட்டிப் பார்த்தார், கடித்துப் பார்த்தார். பல்லு வழியாகக்கூட இப்போது சரியாக வரவில்லை போல. ஒரு நாள் பிடிலைப் பெட்டியில் வைத்து மூடினார், பிறகு நான் அதற்காகக் கணப்பு மூட்டவில்லை. அந்தப் பாட்டின் மறுபாதியை நான் கேட்கவே இல்லை.

நீங்கள் இருவரும் பிறந்து, பெரியவள் பள்ளிக்கூடம் போகிற காலத்தில் துரை வேலையை விட்டு ஊருக்குப் போனார். மறுபடியும் நாலு பேர் தோள் கொடுத்துப் பெட்டியைக் கொட்டகலைக்கு இறக்கினோம். மலையில் நின்ற பெண்கள் உள்ளே இருப்பது பிடில் என்று தெரிந்தேதான் கூடையை இறக்கி வைத்தார்கள். யாரும் சிரிக்கவில்லை. அம்மா உன்னை இடுப்பில் வைத்துக்கொண்டு பின்னாலேயே நடந்து வந்தாள், சின்னவனே. அதே வளைவு வந்ததும் நின்றாள். பிறகு திரும்பிப் பார்க்காமல் லயத்துக்குப் போய்விட்டாள்.

போன மாசம் அம்மாவைத் தூக்கிப் போனதை நீங்கள் பார்த்தீர்கள். தப்பு, உறுமி, சங்கு, எதிலும் குறை வைக்கவில்லை. ஆட்கள், "நல்லா அனுப்பி வெச்சீங்க" என்றார்கள். காரியம் முடிந்த மறுநாள் நீங்கள் பள்ளிக்கூடம் போன பிறகு நான் பெட்டியைத் திறந்து நரம்பை எடுத்துக்கொண்டு சுடுகாட்டு மலைக்கு ஏறினேன். இனி அதைப் பெட்டியில் தேடாதீர்கள்.

நான் ஊன்றிய முள்முருங்கைக் கம்பு வேர் பிடித்து, கட்டிப்பிடிக்கிற அளவு மரமாக நின்றது. நரம்பின் ஒரு முனையை அதில் கட்டினேன். மறு முனையைக் கடைவாய்ப் பல்லில் வைத்து இறுக்கிக் கடித்து, விறைப்பாக நிற்கும் வரை பின்னால் நகர்ந்தேன். விரலால் ஒரு தடவை இழுத்து விட்டேன். கீழே பாதையில் விறகு கொண்டுபோனவர்கள் திரும்பிப் பார்க்கவில்லை. என் தாடையில் தொடங்கி மண்டை முழுக்க அது நின்று ஒலித்தது. அடங்கும் வரை வாயைத் திறக்காமல் நின்றுவிட்டு, இன்னும் ஒரு தடவை இழுத்து விட்டேன்.